செஞ்சிக் கோட்டையும் தேசிங்குராஜன் கதையும்

தேசிங்குராஜன் கதையைக் கேட்காத தமிழ்க் குடும்பம் நம் தோட்டங்களில் முன்பெல்லாம் அரிது. வேலை முடிந்த மாலை நேரத்தில், லயத்து வாசலில் பெரியவர் ஒருவர் உட்கார்ந்து பாட்டெடுத்தால் பிள்ளைகள் வட்டமாகக் கூடிவிடுவார்கள். 'பெரிய எழுத்து தேசிங்குராஜன் கதை' என்ற புத்தகத்தை எழுத்துக் கூட்டிப் படித்தவர்களும் உண்டு. பின்னர் 1960ஆம் ஆண்டில் எம்.ஜி.ஆர். நடித்த 'ராஜா தேசிங்கு' படத்தின் மூலம் அறிந்தவர்களும் உண்டு. ஆனால் அந்த ராஜா வாழ்ந்த கோட்டை எங்கே இருக்கிறது, எப்படி இருக்கிறது, கதையில் வருவதில் எது நடந்தது, எது பாட்டுக்காரர் சேர்த்தது என்று கேட்டால், நம்மில் பலரும் விழிப்போம். ஆகவே இன்று நாம் செஞ்சிக்குப் போய் வருவோம்.

செஞ்சி, தமிழ்நாட்டில் விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. முன்பு அது தென் ஆற்காடு மாவட்டம். திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் போகும் சாலையில், ஏறக்குறைய 28 கிலோமீட்டர் தூரத்தில் ஊர் வந்துவிடும். 'தென் ஆற்காடு' என்ற பெயரைக் கேட்டதும் சில நேயர்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். வட ஆற்காடு, தென் ஆற்காடு, சேலம், திருச்சி, தஞ்சை ஆகிய மாவட்டங்களிலிருந்துதான் மலாயாத் தோட்டங்களுக்கு மிகுதியான மக்கள் கப்பலேறி வந்தார்கள். அவர்கள் கொண்டு வந்தது ஒரு தகரப் பெட்டியும் இரண்டு வேட்டியும் மட்டுமல்ல. செஞ்சி ராஜாவின் பாட்டையும் நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் வந்தார்கள்.

சாலையில் போகும்போதே மலைகள் தெரிகின்றன. நம் நாட்டு மலைகளைப்போல் பச்சைக் காடு போர்த்த மலைகள் அல்ல. யாரோ அரக்கன் கூடை கூடையாகப் பாறைகளைக் கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனதுபோல், பெரிய பெரிய உருண்டைக் கருங்கற்கள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்த மலைகள். அவற்றுள் மூன்று மலைகள் முக்கியமானவை: ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன் துர்க்கம். இந்த மூன்றையும் ஒரு முக்கோணம்போல் இணைத்து மதில் கட்டியிருக்கிறார்கள். மதிலின் நீளம் சுமார் 13 கிலோமீட்டர். அதற்குள் அடங்கும் நிலப்பரப்பு சுமார் 11 சதுரக் கிலோமீட்டர். நம் பக்கத்தில் ஒரு பெரிய தோட்டத்தை, அதன் எல்லாப் பிரிவுகளோடும் சேர்த்து, கல் மதிலால் வளைத்துக் கட்டினால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். மதிலுக்கு வெளியே 80 அடி அகல அகழி வேறு.

மலாக்காவில் போர்த்துக்கீசியர் கட்டிய கோட்டையில் இன்று எஞ்சியிருப்பது ஒரு வாசல்தான். மற்றதை 1807இல் ஆங்கிலேயர் இடித்துவிட்டார்கள். செஞ்சியில் அப்படியல்ல. வீடுகள் போய்விட்டன, கடைத்தெரு போய்விட்டது, மக்கள் போய்விட்டார்கள். ஆனால் கோட்டையின் எலும்புக்கூடு முழுவதும் அப்படியே நிற்கிறது.

உள்ளே நுழைந்தவுடன் நம் கண்ணைக் கவருவது கல்யாண மகால். எட்டு அடுக்குகளாய் மேலே போகப்போகச் சிறுத்து, கூம்பிய உச்சியோடு நிற்கும் கட்டடம். நடுவில் சதுரமான முற்றம், அதைச் சுற்றி அறைகள். அரச குடும்பத்துப் பெண்கள் தங்கிய இடம் என்பார்கள். சுட்ட மண் குழாய்களின் வழியாக மேல்மாடிக்குத் தண்ணீர் கொண்டுபோயிருக்கிறார்கள். மின்சாரமும் இயந்திரமும் இல்லாத காலத்தில் செய்த வேலை இது. பக்கத்திலேயே குதிரை லாயங்கள், நெற்களஞ்சியம், உடற்பயிற்சிக்கூடம், யானைகள் நீர் குடிக்கும் ஆனைக்குளம் எல்லாம் வரிசையாக இருக்கின்றன. களஞ்சியத்துக்குள் நின்று பேசினால் நம் குரல் நமக்கே திரும்பிவருகிறது. அத்தனை பெரிய வளைவுக் கூரை, அத்தனை வெறுமை.

அடுத்து ராஜகிரி. சுமார் 800 அடி உயரம். பத்துமலையில் 272 படி ஏறி மூச்சு வாங்காதவர் யார்? ராஜகிரிக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். பாதி வழியில் கமலக்கண்ணியம்மன் கோயில் இருக்கிறது. உச்சிக்குச் சற்று முன்னால் மலையே இரண்டாகப் பிளந்து நிற்கிறது. ஆழமான அந்தப் பிளவைக் கடக்க ஒரு பாலம். அந்நாளில் அந்தப் பாலத்தை எடுத்துவிட்டால், எத்தனை ஆயிரம் பேர் கீழே முற்றுகையிட்டாலும், மேலே இருப்பவரைத் தொட முடியாது. பாலத்தின் அருகில் நின்று கீழே பார்த்தபோதுதான், 'சில பேர் நின்று பல்லாயிரம் பேரைத் தடுத்தார்கள்' என்று பாட்டில் வருவது வெறும் மிகை அல்ல என்பது நமக்கு விளங்கியது.

இந்தக் கோட்டையைத் தேசிங்குராஜன் கட்டினான் என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். அது சரியன்று. 1200ஆம் ஆண்டு வாக்கில் ஆனந்தக் கோன் என்னும் இடையர் குலத் தலைவர் இங்கே முதலில் அரண் அமைத்ததாக வரலாற்று ஆசிரியர்கள் கூறுகிறார்கள். அவருக்குப் பின் வந்த கிருஷ்ணக் கோன் பெயரால்தான் கிருஷ்ணகிரி. ஆடு மாடு மேய்த்த குலத்தார் தொடங்கிவைத்த கோட்டை அது. அதன் பிறகு விஜயநகரப் பேரரசின் கீழ் ஆண்ட செஞ்சி நாயக்கர்கள் அதைப் பெரிதாக்கினார்கள். மதில்கள், மண்டபங்கள், வெங்கடரமணர் கோயில் முதலியவை பெரும்பாலும் அவர்கள் காலத்தவை. 1597இல் இங்கு வந்த பிமெந்தா என்னும் கிறிஸ்துவப் பாதிரியார், இந்தியாவில் தாம் கண்ட நகரங்களிலேயே இதுதான் பெரியது என்றும், தம் போர்த்துக்கல் நாட்டில் லிஸ்பன் ஒன்றைத் தவிர இதற்கு ஈடான நகரம் இல்லை என்றும் எழுதிவைத்தார். இன்று ஆட்டுக் குட்டிகள் மேயும் அந்த வெட்டவெளியில் அன்று அத்தனை சனம் நடமாடியிருக்கிறது.

நாயக்கர்களுக்குப் பின் 1648இன் முடிவில் பிஜப்பூர் சுல்தானின் படை கோட்டையைப் பிடித்தது. 1677இல் மராட்டிய மன்னர் சிவாஜி கைப்பற்றி, மதில்களைப் பலப்படுத்தினார். அது பிற்காலத்தில் அவருடைய மகன் ராஜாராமின் உயிரையே காத்தது. ஔரங்கசீப்பின் படையிலிருந்து தப்பி வந்த ராஜாராம் செஞ்சியில் அடைக்கலம் புகுந்தார். 1690இல் முகலாயர் முற்றுகையிட்டார்கள். 1698 வரை, ஏறக்குறைய எட்டு ஆண்டுகள் அந்த முற்றுகை நடந்தது. கடைசியில் கோட்டை விழுந்தது. ஆனால் ராஜாராம் அதற்குள் தப்பிவிட்டார். அதற்குப் பிறகு ஔரங்கசீப், தம் படையில் பணிபுரிந்த சொரூப்சிங் என்ற பந்தேல்கண்டு ராஜபுத்திரரைக் கோட்டைத் தலைவராக நியமித்தார். அந்தச் சொரூப்சிங்கின் மகன்தான் தேஜ்சிங். தமிழ் மக்களின் நாவில் தேஜ்சிங், தேசிங்கு ஆயிற்று.

இனிக் கதைக்கு வருவோம்.

பாட்டில் கதை டில்லியில் தொடங்குகிறது. பாதுஷாவின் பாராசாரிக் குதிரையை எவராலும் அடக்க முடியவில்லை. அடக்க வந்து தோற்ற தந்தை சிறையில் கிடக்கிறார். பிள்ளை தேசிங்கு போய்க் குதிரையில் ஏறி, அதை அடக்கி, தந்தையை மீட்கிறான். பீம்சிங் என்பவர் மனம் மகிழ்ந்து தம் மகள் ராணிபாயை அவனுக்கு மணம் முடித்துக்கொடுக்கிறார். திருமணம் ஆகியும், சேர்ந்து வாழும் நாள் இன்னும் வரவில்லை. அதற்குள் ஆற்காட்டு நவாப் படையெடுத்து வருகிறார். போருக்குப் புறப்படுமுன் தேசிங்கு மனைவியைக் காணப் போகிறான். நடுவில் ஒரு திரை. திரைக்கு அப்பால் நின்று அவள் பேசுகிறாள். வெற்றிலை மடித்துக் கொடுக்கும் கையை மட்டுமே அவன் காண்கிறான். முகம் பாராமலே போருக்குப் போகிறான், திரும்பி வரவில்லை. இந்த இடம் வரும்போது பாட்டைக் கேட்டுக்கொண்டிருக்கும் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

போகும் வழியில் சிங்கவரம் அரங்கநாதர் கோயில். குன்றைக் குடைந்து பல்லவர் காலத்தில் செய்த கோயில் அது. அங்கே பள்ளிகொண்டிருக்கும் பெருமாளிடம் தேசிங்கு விடை கேட்க, 'இன்று போகாதே' என்று சொல்வதுபோல் பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாராம். இன்றும் அந்தத் திருமுகம் சற்றே திரும்பியிருப்பதைக் காட்டி ஊரார் இதைச் சொல்கிறார்கள்.

அவனுடைய உயிர்த் தோழன் மகபத்கான், பாட்டில் மாவுத்துக்காரன். அவன் இஸ்லாமியன். வழுதாவூரில் அவனுடைய கல்யாணம் நடந்துகொண்டிருக்கிறது. போர்ச் செய்தி வருகிறது. மணக்கோலத்தோடு எழுந்து, நீலவேணி என்னும் தன் குதிரையில் ஏறி, தோழனுக்காகப் போர்க்களம் வந்து, அங்கேயே உயிர்விடுகிறான். தோழன் இறந்த பின் தேசிங்கு வாழ விரும்பவில்லை. தன் வாளை வானத்தை நோக்கி எறிந்து, கீழே விழும் அந்த வாளைத் தன் மார்பிலேயே ஏந்தி இறக்கிறான் என்கிறது பாட்டு.

இதுவரை பாட்டு சொன்னது. வரலாறு சொல்வது என்ன?

சொரூப்சிங் 1714ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இறந்தார். ஆற்காட்டு நவாப் சாதத்துல்லாகானுக்குச் செலுத்த வேண்டிய வரிப்பணம் பல ஆண்டுகளாகப் பாக்கி இருந்தது. தந்தை இறந்த செய்தி கேட்டுச் செஞ்சிக்கு வந்த தேஜ்சிங், முறைப்படி நவாப்பின் அனுமதி பெறாமலே தலைமையை ஏற்றான். ஔரங்கசீப் தன் தந்தைக்குக் கொடுத்த ஆணை தன்னிடம் இருக்கிறது, நவாப்பிடம் தலைகுனிய வேண்டியதில்லை என்பது அவன் வாதம். ஔரங்கசீப் 1707இலேயே இறந்துவிட்டார், புதிய பாதுஷாவின் ஒப்புதல் வேண்டும் என்பது நவாப்பின் வாதம். பேச்சு முற்றிப் போராயிற்று. தேசிங்கின் பக்கம் சில நூறு பேர். நவாப்பின் பக்கம் பல ஆயிரம் பேர். 1714 அக்டோபர் 3ஆம் நாள் சண்டை நடந்தது. குதிரையின் காலை வெட்டி வீழ்த்தினார்கள். துப்பாக்கிக் குண்டு பட்டுத் தேசிங்கு இறந்தான். அப்போது அவனுக்கு வயது 22. செஞ்சியை அவன் ஆண்டது பத்து மாதம்கூட நிரம்பாத காலம்.

நேயர்களே, இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வரலாற்றில் துப்பாக்கிக் குண்டு. பாட்டில் அவனுடைய சொந்த வாள். ஏன் இந்த மாற்றம்? தாங்கள் நேசித்த வீரனை முகம் தெரியாத ஒருவனின் குண்டு கொன்றது என்று பாட மக்களுக்கு மனம் வரவில்லை. 'அவனை எவராலும் கொல்ல முடியாது. அவனே தன் உயிரைக் கொடுத்தான்' என்று பாடி ஆறுதல் தேடினார்கள். இது பொய் சொல்லும் ஆசையால் பிறந்ததன்று, துக்கத்தால் பிறந்தது.

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தேசிங்கு தமிழன் அல்லன், வடநாட்டு ராஜபுத்திரன். சண்டையோ வரிப்பாக்கியைப் பற்றியது. அவன் வென்றிருந்தாலும் ஏர் பிடித்த குடியானவனின் வரி குறைந்திருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. இருந்தும், எத்தனையோ ஆண்டுகள் ஆண்ட நாயக்கர்களை மறந்துவிட்ட மக்கள், பத்து மாதம் ஆண்ட இந்த இளைஞனை 300 ஆண்டுகளாகப் பாடிவருகிறார்கள். பலம் மிகுந்தவன் முன்னால் பலம் குறைந்தவன் தலைகுனியாமல் நின்றான் என்பது ஒரு காரணம். ஓர் இந்துவும் ஓர் இஸ்லாமியனும் ஒருவருக்காக ஒருவர் உயிர் கொடுத்தார்கள் என்பது மற்றொரு காரணம். பாட்டில் பகைவராய் வரும் நவாப்பும் இஸ்லாமியர், உயிர்த் தோழனும் இஸ்லாமியன் என்பதைக் கவனியுங்கள். சண்டை மதத்தைப் பற்றியதன்று என்று பாடியவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. பல இனமும் பல மதமும் சேர்ந்து வாழும் நம் நாட்டில், இது பிள்ளைகளுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லத் தக்க செய்தி.

ராணிபாயின் முடிவை மட்டும் நாம் கண்ணீரோடு நிறுத்திவிடக் கூடாது. கணவனின் சிதையில் அவள் உடன்கட்டை ஏறினாள். கோட்டைக்குள் செட்டிகுளத்துக் கரையில், அந்தச் சிதை எரிந்த இடம் என்று ஒரு மேடையைக் காட்டுகிறார்கள். அவளுடைய நினைவாக நவாப் அமைத்த ஊரே ராணிப்பேட்டை என்று சொல்லிவருகிறார்கள். கீழ்க்கோட்டையிலே தம் வெற்றிக்குப் பின் பள்ளிவாசல் கட்டிய அதே நவாப், தோற்றவனின் மனைவிக்காக ஓர் ஊருக்குப் பெயர் சூட்டினார் என்றால், அந்த மரணம் பகைவர் மனத்தையும் உலுக்கியிருக்க வேண்டும். ஆனால் பாட்டு அதைப் பெருமையாகப் பாடுகிறது என்பதற்காக நாமும் பெருமை என்று சொல்லிவிடலாமா? இளம்பெண் ஒருத்தியை உயிரோடு நெருப்புக்குக் கொடுத்த வழக்கம் அது. 1829இல் வங்காளத்திலும் 1830இல் சென்னை மாகாணத்திலும் சட்டம் போட்டு அதைத் தடுத்தார்கள். ராணிபாய்க்காக அழுவது சரி. அவளைப்போல் இரு என்று நம் பெண் பிள்ளைகளுக்குச் சொல்வது சரியன்று. பழைய கதையைப் போற்றுவது என்றால் அதிலுள்ள தீமையையும் சேர்த்துப் போற்றுவதன்று.

தேசிங்குக்குப் பிறகு கோட்டைக்கு நல்ல காலம் வரவில்லை. 1750இல் பிரெஞ்சுக்காரர் பிடித்தார்கள். வெங்கடரமணர் கோயிலின் சிற்பத் தூண்களில் சிலவற்றைப் பெயர்த்துப் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். இன்று அங்கே கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்பவை அவைதாம் என்பார்கள். 1761இல் புதுச்சேரி விழுந்தபின் செஞ்சி ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1780இல் ஹைதர் அலியின் படை பிடித்தது. பின்னர் ஆங்கிலேயருக்கே மீண்டது. போர்முறை மாறியது, மலைக்கோட்டைக்கு வேலை இல்லாமற்போயிற்று. காய்ச்சலும் பரவியதால் படை அங்கே தங்க விரும்பவில்லை. ஊர் காலியாயிற்று. வாசலில் முள் முளைத்தது. பிற்காலத்தில் தொல்பொருள் துறையார் அதைப் பாதுகாக்கத் தொடங்கினார்கள். 2025 ஜூலை மாதத்தில், மராட்டியருடைய 12 கோட்டைகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவித்தபோது, அவற்றுள் தமிழ்நாட்டிலிருந்து இடம்பெற்றது செஞ்சிக் கோட்டை.

செஞ்சிக்கும் நமக்கும் இன்னொரு தொடர்பும் உண்டு. செஞ்சிக்குப் பக்கத்தில் மேலச்சேரி என்று ஒரு சிற்றூர். பழைய செஞ்சி என்று அதைச் சொல்வார்கள். அங்குள்ள திரௌபதி அம்மன் கோயில்தான் எல்லாத் திரௌபதி அம்மன் கோயில்களுக்கும் தாய்க்கோயில் என்பது அந்தப் பக்கத்து மக்களின் நம்பிக்கை. செஞ்சி அரசனுக்குத் துணையாகத் திரௌபதி மீண்டும் தோன்றி அரக்கனை அழித்தாள் என்று அவர்கள் கதை சொல்கிறார்கள். சிங்கப்பூர் மாரியம்மன் கோயிலில் ஆண்டுதோறும் தீபாவளிக்கு முன்னால் நடக்கும் தீமிதி, திரௌபதி அம்மனுக்கு எடுக்கும் விழாவே. கடல் கடந்து வந்தவர்கள் எதை விட்டாலும் இதை விடவில்லை.

அந்த மதில்களைக் கடைசியாக ஒருமுறை பாருங்கள். எத்தனை எத்தனை கற்கள். அவற்றை 800 அடி மேலே ஏற்றியவர்கள் யார்? கல் உடைத்தவன், வடம் பிடித்தவன், சுண்ணாம்பு அரைத்தவள், தண்ணீர் சுமந்தவள். அவர்களில் ஒருவர் பெயரும் நமக்குக் கிடைக்கவில்லை. ராஜாவுக்குப் பாட்டு இருக்கிறது. குதிரைக்குக்கூடப் பெயர் இருக்கிறது. கோட்டையைக் கட்டியவருக்குப் பெயர் இல்லை. காட்டை அழித்து, சாலை போட்டு, பால்மரம் நட்டு, இந்த நாட்டை வளமாக்கிய நம் பாட்டன் பாட்டிகளின் கதையும் அப்படி ஆகிவிடலாமா? பல தோட்டங்கள் துண்டாடப்பட்டுவிட்டன. லயங்கள் இருந்த இடத்தில் வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்சாலைகளும் எழுந்துவிட்டன. செஞ்சியிலாவது கல் இருக்கிறது. மரப்பலகையால் கட்டிய லயத்துக்கு அடையாளமே மிஞ்சாது. மிஞ்சக்கூடியது நாம் சொல்லி வைப்பதும் எழுதி வைப்பதும்தான்.

ஆகையால் நேயர்களே, வீட்டில் வயதானவர்கள் இருக்கும்போதே பிள்ளைகளை ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அவர்கள் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். எந்த மாவட்டம், எந்தக் கிராமம், எந்த ஆண்டு, எந்தக் கப்பல், முதலில் வந்து சேர்ந்த தோட்டம் எது, கூட வந்தவர்கள் யார் யார் என்று கேட்டு எழுதட்டும். அவர்களுக்குத் தேசிங்குராஜன் பாட்டில் நான்கு அடி நினைவிருந்தால் அதையும் எழுதிக்கொள்ளட்டும். அழகு சேர்ப்பதைப் பாட்டுக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். பெயரையும் ஆண்டையும் சரியாகக் குறித்து வைப்பது நம் வேலை.